சாரதாமணி அம்மையாரும் நாற்பத்தொரு விடுப்புக் கடிதங்களும்

அனைவரும் சற்று அமைதி காக்கவும். ஆழ்ந்த துயரத்தோடு ஒரு செய்தியை இந்த அவைக்கு அறிவிக்கிறேன். நம் பள்ளிக் கலையரங்கில், மேடைக்கு இடப்புறம் தொங்கும் மூன்றாம் எண் மின்விசிறி, பல மாத முனகலுக்குப் பின், இன்று காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குத் தன் சுழற்சியை நிறுத்திக்கொண்டது. அன்னாருக்கு மூன்று இறக்கைகள். ஒரு ரெகுலேட்டர் இருந்தது; அது முன்பே காலமாகிவிட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு கேள்வி. இந்தச் சாவை எந்தப் பதிவேட்டில் ஏற்றினீர்கள்? காரணம் என்ன என்று எழுதினீர்கள்? போன மாதம் அது முனகியபோது அந்த முனகலை யாராவது குறித்து வைத்தீர்களா? இந்தக் கேள்விகள் என்னுடையவை அல்ல. எவருடைய படத்துக்கு மாலை போட்டிருக்கிறோமோ அவருடையவை. வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர் சாரதாமணி அம்மையார் அவர்கள் இங்கே உட்கார்ந்திருந்தால், இந்நேரம் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்திருப்பார்.

ஆகவே, அந்தப் பென்சிலை வணங்கித் தொடங்குகிறேன். தலைமை தாங்கும் தலைமையாசிரியர் தீனதயாளன் ஐயா அவர்களே! மேலிடத்து ஆபீசிலிருந்து, அம்மையார் உயிரோடு இருந்தபோது ஒரு முறையும் வராமல், இன்று மிகச் சரியான நேரத்துக்கு வந்திருக்கும் அதிகாரி சுவாமிநாதன் சார் அவர்களே! பதினொரு போர்வெல் ரிக் வண்டிகளின் உரிமையாளரும், மேடையிலேயே பெரிய மலர்வளையத்தின் உரிமையாளருமான சின்னுசாமி ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் மகள் சௌந்தர்யா அக்கா அவர்களே! இந்தியா முழுவதும் போர்வெல் போட்டுவிட்டு, ஊர் திரும்பிப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரிக் அண்ணன்மார்களே! நான்காவது பீரியடு கணக்குப் பாடம் ரத்தானதால் மட்டும் துயரத்தில் பங்குகொள்ள வந்திருக்கும் என் சக மாணவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் யோகேஷ். பன்னிரண்டாம் வகுப்பு, ஆ பிரிவு. மாணவர் சார்பில் பேச மூன்று நிமிடமும் ஒரு தாளும் தலைமையாசிரியர் ஐயா கொடுத்திருக்கிறார். தாளைப் படித்துப் பார்த்தேன். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று மூன்று இடத்தில் இருக்கிறது. இதே தாளைப் போன வருடம் விளையாட்டு வாத்தியாருக்கும் படித்தோம். அவர் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை மை தடவி, அதன் மேல் சாரதாமணி என்று எழுதியிருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே வாத்தியார் தெரிகிறார். ஒரே வாக்கியம், ஒரே காரணம், பெயர் மட்டும் வேறு! இதற்குப் பெயர் அஞ்சலியா, அச்சகமா? தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன் ஐயா. நான் என் வாயால் பேசுகிறேன்.

முதலில் ஓர் உண்மை. எனக்குச் சாரதாமணி அம்மையாரைப் பிடிக்காது.

ஏன் முணுமுணுக்கிறீர்கள்? இந்த மேடையில் அவரைப் பிடிக்காதவர்கள் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள். நான் நான்காவது. அவர்கள் மாலையோடு வந்திருக்கிறார்கள், நான் வெறுங்கையோடு வந்திருக்கிறேன். வேறு வித்தியாசம் இல்லை.

அவர் என்ன வேலை செய்தார் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? ‘ஆபீஸ்ல ஏதோ எழுதறாங்க’ என்பதோடு நமக்கு முடிந்துவிடும். நான் சொல்கிறேன். மனிதன் ஒருவன்தான், ஆனால் அவனைப் பற்றிய பதிவேடுகள் ஏழெட்டு. பிறந்தது ஓர் அலமாரியில். ரேஷன் கார்டு இன்னொன்றில். படித்தது இங்கே. காப்பீட்டு அட்டையைக் காட்டி ஆஸ்பத்திரியில் படுத்தது வேறிடத்தில். மனைவி விதவை உதவித்தொகைக்கு மனுப் போட்டது தாலுகா ஆபீசில். செத்தது, செத்த ஊரில். இந்த அலமாரிகள் ஒன்றோடொன்று பேசாது. வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய பங்காளிகள் மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அம்மையார் அந்தப் பங்காளிகளை ஒரே பந்தியில் உட்கார வைத்தவர். பதிவேடுகளை இணைத்துப் பார்த்தால், எந்த ஊரில் எந்த வேலை செய்கிறவனுக்கு என்ன நோய் வருகிறது என்று தெரியும். அதற்கு அனுமதி வாங்கவே அவருக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.

அதிலும் ஒரு விதி வைத்திருந்தார். பெயர் வேண்டாம். பெயரை எடுத்துவிட்டு ஆளுக்கு ஓர் எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறு அறையில், வேறு பூட்டில். அதை அவரே பார்க்க முடியாது, பார்க்கவும் மாட்டார்.

அந்தப் பட்டியலில் நான் நானூற்றுப் பதினேழு.

போன வருடம் ஒரு நாள் அம்மையார் நம் தலைமையாசிரியர் அறைக்கு வந்தார். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். ஏன் நின்றேன் என்பது வேறு வழக்கு.

“சார், உங்க பள்ளிக்கூடத்துல நானூத்திப் பதினேழுன்னு ஒரு எண்ணுங்க. இந்தப் பையனோட மாமா ஒரே வருசத்துல நாலு தடவை செத்திருக்காருங்க. இறப்புப் பதிவேட்டுல ஒண்ணு கூட இல்லீங்க. பதிவேடு தப்பா, பையன் தப்பான்னு தெரிஞ்சா நான் திருத்திக்குவேன்.”

அவையோரே, அந்த மாமா என் மேச்சேரி மாமா. ஆடியில் பாம்பு கடித்துச் செத்தார். புரட்டாசியில் லாரி மோதிச் செத்தார். ஐப்பசியில் இடி விழுந்தது. தை மாதம் எனக்குக் கற்பனை வற்றிவிட்டதால் சும்மாவே செத்தார். நான்கு சாவுக்கும் நான்கு விடுப்புக் கடிதம், நான்கும் என் எழுத்து. இன்று அவர் மேச்சேரியில் நாற்பது ஆடுகளோடு நலமாக இருக்கிறார். நான் அவருக்குப் போன் செய்தால், “இன்னிக்கு உசுரோட இருக்கறனாடா மாப்பிள்ளை?” என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவார்.

விடுப்புக் கடிதக் கட்டைப் புரட்டி என்னைக் கண்டுபிடித்துவிட்டு, மறுநாள் பிரேயரில் ஐயா மைக்கைப் பிடித்தார். “யார்றா அவன், மாமனை நாலு தடவை கொன்னவன்?” எழுநூறு பேர் சிரித்தார்கள். கொடிக்கம்பத்தின் கீழே ஒரு மணி நேரம் முழங்கால் போட்டேன். சித்திரை வெயில். சல்லிக்கல்.

அன்று மாலை அம்மையார் மறுபடி வந்தார். நான் அறைக்கு வெளியே, மறுபடியும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

“நான் திருத்தம் கேட்டனுங்க சார். பேரு கேக்கல. இனி எந்தப் பையன் நெசத்தை எழுதுவான்?”

“ஒழுக்கம்னு ஒண்ணு இருக்குதுங்களே மேடம்.”

“ஒழுக்கத்துக்குப் பெரம்பு இருக்குதுங்களே. என்ற பதிவேட்டை ஏனுங்க பெரம்பாக்குனீங்க?”

எனக்காகத்தான் பேசினார். அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை. முழங்கால் என்னுடையது அல்லவா?

ஐயா மணியடிக்கிறார். மூன்று நிமிடம் முடிந்துவிட்டதாம். கூட்டம் தொடங்கவே முக்கால் மணி நேரம் தாமதம், அந்த மணியை அப்போது அடித்திருக்கலாமே ஐயா? மணியைக் கீழே வையுங்கள், மாணவர் சார்பு இன்னும் முடியவில்லை.

பின்வரிசையில் யாரோ இருமுகிறார்கள். இருமுங்கள், தாராளமாக இருமுங்கள். கைதட்டலாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மையாருக்கு எதற்கு நம் பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதம்? அதில் என்ன புதையல்?

நம் ஊரில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் ரிக் தொழிலாளி இருக்கிறார். வருடத்தில் பத்து மாதம் மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், ஒடிசா. குழிக்குப் பக்கத்தில் நின்று பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் கல் தூசி, அரிசி மாவு மாதிரி வெள்ளையாக வந்து முகத்தில் அப்பும். முகத்தைக் கழுவிவிடலாம். நுரையீரலை எப்படிக் கழுவுவது? பத்து வருடத்தில் மனிதன் படியேற முடியாமல் ஆகிறான். சிலர் போன இடத்திலேயே செத்துப்போகிறார்கள். சாவு அந்த மாநிலத்தில் பதிவாகிறது. நம் ஊர் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினால், ரிக் தொழிலாளிகள் சாகாவரம் பெற்றவர்கள் போலத் தெரிகிறார்கள்!

நாமக்கல் பண்ணையில் ஒரு கோழி செத்தால், எந்த ஷெட், எந்த நாள், என்ன காரணம் என்று அன்றைக்கே எழுதுகிறார்கள். மேச்சேரி ஆட்டுக்குக் காதில் எண் குத்தி ஊசிக்கு முகாம் போடுகிறார்கள். கோழிக்குக் காரணம் உண்டு, ஆட்டுக்கு எண் உண்டு. ஆறுமாதக் குட்டிக்கு இருக்கிற மரியாதை ஆறடி ஆளுக்கு ஏன் இல்லை? யாராவது கேட்டீர்களா? ஒருவர் கேட்டார். இறப்புப் பதிவேட்டில் கிடைக்காததை ரேஷன் கார்டில் நீக்கிய பெயர்களில் தேடினார். உதவித்தொகை மனுக்களில் தேடினார். கடைசியில், யாருமே படிக்காத ஒன்றைப் படித்தார். விடுப்புக் கடிதத்தில் ‘காரணம்’ என்கிற அந்த ஒரு வரி.

எங்கள் வகுப்புக்கு வந்து இதைச் சொன்னபோது என் நண்பன் தமிழரசு எழுந்தான். “ஏனுங்க மேடம், லீவு லெட்டர்ல பாதி பொய்யிங்களே?”

அம்மையார் சிரித்தார். “பொய்யிலயும் ஒரு அளவு இருக்குது சாமி. எல்லா ஊர்லயும் பசங்க காய்ச்சல்னு எழுதறாங்க, வவுத்து வலின்னு எழுதறாங்க. அது எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கும். பக்கத்தூருப் பள்ளிக்கூடத்துல, அப்பனுக்கு இருமலு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்னு வருசத்துக்கு நாலு லெட்டரு. உங்கூர்ல அறுவத்தி நாலு. அது ஏன்னு எனக்குத் தெரியோணும்.”

அறுபத்து நான்கு! அந்த எண்ணோடு மற்றப் பதிவேடுகளையும் இணைத்து, முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினார். கேட்டது ஒன்றே ஒன்று. எக்ஸ்ரே வண்டி ஒன்று நம் ஊருக்கு வரவேண்டும். ரிக்கில் பத்து வருடம் வேலை பார்த்த ஒவ்வொருவரின் நெஞ்சையும் படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். சிலை கேட்டாரா? பாலம் கேட்டாரா?

அதற்கு முன்பே சின்னுசாமி ஐயாவின் வண்டி ஷெட்டுக்கு ஒரு முறை போயிருந்தார். இதைச் சொன்னவர் அங்கே வண்டி கழுவிக்கொண்டிருந்த தமிழரசின் அண்ணன்.

“தண்ணி உட்டு ஓட்டுனா தூசி அடங்கும்ங்களே, ஏனுங்க ஓட்டறதில்ல?”

“தண்ணி உட்டா நாளைக்கு இத்தனை அடின்னு போறது கொறைஞ்சு போகுமுங்க மேடம். தூசிக்குப் பயந்தவன் ரிக்குக்கு வரப்படாது.”

“பத்து வருசத்துக்கு மேல உங்க வண்டில எத்தனை பேருங்க இருக்கறாங்க?”

“அப்படி எவனும் இருக்கறதில்லீங்க.”

“ஏனுங்க?”

அந்த ‘ஏனுங்க’வுக்குச் சின்னுசாமி ஐயா முதுகைக் காட்டிவிட்டு நடந்தாராம். இன்று மலர்வளையம் கொண்டுவந்திருக்கிறார். ஐயா, முறைக்காதீர்கள். வளையம் அழகாகத்தான் இருக்கிறது. அதில் ஒட்டியிருக்கிற தூசியைத்தான் தட்டிவிட்டிருக்கலாம்.

அடுத்து சுவாமிநாதன் சார். தங்கள் ஆபீசுக்கு அறிக்கை வந்தது. தாங்கள் சரிபார்க்க ஆள் அனுப்பினீர்கள். அவர் நம் பள்ளி ஸ்டோர் ரூமிலிருந்து அசல் கடிதங்களை எடுத்துப் பார்த்தார். அறுபத்து நான்கில் நாற்பத்தொன்று ஒரே கையெழுத்து. ஒரே வாக்கியம். பெயர் மட்டும் வேறு. போலி! உடனே தாங்கள் கூட்டம் போட்டு, இருபது பேர் முன்னால் அம்மையாரைப் பார்த்து என்ன சொன்னீர்கள்? “கதை எழுதறதா இருந்தா பத்திரிகைக்கு அனுப்பும்மா, ஆபீசுக்கு அனுப்பாதீங்க.” இருபது பேரும் சிரித்தார்களாம். எழுநூறு பேர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருபது பேர் சிரிப்பது அதைவிடக் குறைவாக வலிக்கும் என்று நான் நம்பவில்லை.

எக்ஸ்ரே வண்டி வரவில்லை. முப்பத்தெட்டுப் பக்கமும் குப்பை என்று ஒரு வரியில் எழுதி மூடினீர்கள். நாற்பத்தொன்று போலி என்றால் மீதி? அறுபத்து நான்கில் நாற்பத்தொன்றைக் கழிக்கத் தங்கள் ஆபீசில் ஒருவருக்குமா தெரியவில்லை? நான்காவது பீரியடுக்கு அனுப்புங்கள் சார், எங்கள் கணக்கு வாத்தியார் சொல்லித் தருவார்.

அந்தக் கூட்டம் நடந்து ஏழு மாதம். விட்டாரா அம்மையார்? லீவு போட்டுவிட்டு, சொந்தச் செலவில் பஸ் ஏறி, உதவித்தொகை மனுக்களை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் ஆத்தூர் போய்விட்டுத் திரும்பும்போது, அயோத்தியாப்பட்டணம் தாண்டி, பஸ்ஸில் ஜன்னலோரம் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு. சேலத்து ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

நேற்று நான் நம் ஊர் இறப்புப் பதிவேட்டைப் போய்ப் பார்த்தேன். “உனக்கெதுக்கு தம்பி?” என்றார்கள். மாமா மறுபடி செத்துவிட்டாரா என்று பார்க்க வந்தேன் என்று சொன்னேன். சாரதாமணி என்ற பெயர் அதில் இல்லை. இருக்காது. சேலத்தில் செத்தார், சேலத்தில் பதிவு. இருபத்தாறு வருடம் இந்த ஊரைக் கணக்கெடுத்தவர், இந்த ஊர்க் கணக்கில் சாகவே இல்லை! ரிக் அண்ணன்மார்களைப் போலவே.

ஆகவே இந்த மேடையைப் பார்த்துச் சொல்கிறேன். ஒருவர் அவர் ரகசியத்தைப் பிரேயரில் உடைத்தார். ஒருவர் அவர் கேள்விக்கு முதுகைக் காட்டினார். ஒருவர் அவர் உழைப்பைக் கதை என்றார். இவர்கள் நடுவில், அவருக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒரே ஆள் நான்! ஆம், நான் அவருக்கு எதிரிதான். ஆனால் நேருக்கு நேர் எதிரி. முதுகில் குத்தவில்லை. எழுத்திலே எனக்கு இந்தப் பள்ளியில் நிகர் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டுரைப் போட்டிக் கோப்பைகள் மூன்று ஐயா அறை அலமாரியில் இருக்கின்றன. அந்தக் கையால் அம்மையாருக்கு ஒரு துரும்பளவு…

மறுபடி இருமல்.

கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

சௌந்தர்யா அக்கா இன்று காலை கேட் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு பழுப்புக் கவர். “அம்மா பையில இருந்துச்சு தம்பி. நீயும் இந்தப் பள்ளிக்கூடந்தானே, இது யாரு எழுத்துன்னு தெரியுதா?” உள்ளே நாற்பத்தொரு கடிதங்களின் நகல். மாணவன் பெயர் வருகிற இடத்தையெல்லாம் அம்மையார் கறுப்பு மையால் அடித்திருக்கிறார். போலிக் கடிதம் கொடுத்தவனுக்கும் பெயர் மறைத்திருக்கிறார்!

நான் அக்காவிடம், “தெரியாதுங்க்கா” என்றேன்.

முதல் நகலின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கிறேன். இதுதான் அம்மையாரின் எழுத்து.

‘64 – 41 = 23. பக்கத்து ஊரில் 4. இருபத்து மூன்றே போதும்.’

கேட்டுக்கொண்டீர்களா சுவாமிநாதன் சார்? அவரே கழித்துவிட்டார். தங்களிடம் மறுபடி கொடுத்த தேதியையும் பக்கத்திலேயே குறித்திருக்கிறார். தாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்குக் கீழே இன்னும் சில வரிகள்.

‘இந்தக் கையெழுத்துக்காரன் பொய் எழுதியிருக்கிறான். ஆனால் இருமலை நேரில் பார்த்தவன். இவன் வீட்டில் யார்? பெயர் கேட்கக் கூடாது. போன முறை ஒரு பையன் முழங்கால் போட்டான்.’

இதை நான் இங்கே படிக்கிற திட்டம் இல்லை. மேடையை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கைதட்டலோடு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெயர் கேட்கவில்லை. வீட்டில் யார் என்றுதான் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல இந்த அரங்கத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை.

அப்பாவுங்க மேடம்.

படியேறும்போது இரண்டு இடத்தில் நின்றுவிடுவார். செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிவார். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது. படுத்தால் இருமல் வரும் என்று சுவரில் சாய்ந்தே தூங்குகிறார். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால்தான், கிரிக்கெட் மேட்ச்சுக்கும் சினிமாவுக்கும் போக லீவு லெட்டர் எழுதித் தரச்சொல்லிப் பையன்கள் வந்தபோது, காரணம் என்று பேனாவை வைத்ததும் எனக்கு அதுதான் வந்தது. ‘என் தந்தைக்கு மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையான இருமல் இருப்பதால்.’ ஒரு கடிதத்துக்கு ஒரு முட்டை பப்ஸ். எழுத்தில் நிகரில்லாதவன் என்றேனே, நாற்பத்தொன்றுக்கும் ஒரே வாக்கியம்தான் எழுதினேன். வெள்ளை மை கூடத் தேவைப்படவில்லை. ஐயா, உங்கள் தாளைப் பார்த்துச் சிரித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

சரி, உன் அப்பாவுக்கு நெசமாகவே இருமல் என்றால் நீ ஏன் மாமாவைக் கொன்றாய் என்று கேட்பீர்கள். மாமா செத்த நான்கு நாளும், ட்ரிப்புக்கு இடையில் ஊர் வந்திருந்த அப்பாவோடு நான் சேலத்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். அப்பாதான் சொன்னார்: “இருமலுன்னு எழுதிப் போடாத சாமி. ஓனர் காதுக்குப் போச்சுன்னா அடுத்த ட்ரிப்புக்கு வண்டில ஏத்த மாட்டாரு. மாமன் செத்துட்டான்னு எழுது. அவனுக்கு ஆயுசு கெட்டி.”

பொய்யான இருமல்கள் நாற்பத்தொன்று பதிவேட்டில் ஏறின. நிஜமாக இருமியவர் பாம்பு கடித்த மாமாவாக ஏறினார். இப்படிக் குழப்பி வைத்துவிட்டு, அலமாரிகள் பேசவில்லை என்று நான் மேடையில் ஏறிக் கத்துகிறேன்.

அப்பா, உட்காருங்க. எந்திரிக்க வேண்டாம்.

எழுந்துவிட்டார். பெயர் சொல்லக் கூடாது என்பது அம்மையாரின் விதி, நான் சொல்லவில்லை. அவராகவே எழுந்து நிற்கிறார். சின்னுசாமி ஐயா, நீங்கள் திரும்பிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. உங்கள் நான்காம் வண்டியின் டிரில்லர் தண்டாயுதபாணி. பதினான்கு வருடம். பத்து வருடத்துக்கு மேல் எவனும் இருப்பதில்லை என்று அம்மையாரிடம் சொன்னீர்களே, இதோ ஒருவர் இருக்கிறார். நாளைக்கு அவரை வண்டியில் ஏற்றமாட்டேன் என்று சொல்வதானால், இத்தனை பேர் முன்னால் இப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லவில்லையா? சரி. அந்த மௌனத்தை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். தேதியோடு.

பின்வரிசையில் இன்னும் இருவர் எழுகிறார்கள். மூன்று. அம்மையாரே, எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் கடைசியில் உறுதிமொழி எடுக்க வேண்டுமாம். எடுக்கிறேன். என்னிடம் கடிதம் வாங்கிய ஒவ்வொருவனும் இன்று மாலைக்குள் தன் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதித் தருவான்: ‘அன்று என் தந்தைக்கு இருமல் இல்லை, நான் மேட்ச் ஆடப் போனேன்.’ தமிழரசு, நாற்காலிக்குப் பின்னால் குனியாதே, உனக்கு மட்டும் ஐந்து. அந்தக் கட்டை நானே கொண்டுவந்து தங்கள் மேசையில் வைக்கிறேன் சுவாமிநாதன் சார். வைத்த பிறகு, எக்ஸ்ரே வண்டி என்றைக்கு என்று தேதி வாங்காமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். தொந்தரவு செய்வதில் எனக்குள்ள அனுபவத்தை ஐயாவிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

அறிக்கையைத் திருத்துவது எளிது சார். அறுபத்து நான்கில் நாற்பத்தொன்றைக் கழித்துவிடுங்கள். மேச்சேரி மாமாவின் நான்கு சாவையும் எடுத்து, அப்பாவின் இருமலில் கூட்டிவிடுங்கள். இருபத்தேழு. நானூற்றுப் பதினேழாம் எண்ணில் தப்பு பதிவேட்டில் இல்லை, பையனிடம்தான் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். அம்மையார் கேட்ட திருத்தம் அதுதான்.

முழங்கால் எங்கே போடவேண்டும் என்று ஐயா சொன்னால் போட்டுக்கொள்கிறேன். கொடிக்கம்பத்தடியில் நிழல் வந்திருக்கும் இந்நேரம்.

சௌந்தர்யா அக்கா. காலையில் கேட்டீங்களே, யாரு எழுத்துன்னு. தெரியாதுங்க்கான்னு சொன்னனே, அது நாற்பத்திரண்டாவது பொய். அதையும் கழிச்சிருங்க்கா.